நான் கேட்ட சம்பளம்

இருபத்திரண்டு வயதில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கேரள எல்லைக்குள் பாறசாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முதலாளி என் சான்றிதழ்களை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குதே?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பாத்துத் தந்தா போதும் சாறே" என்றேன்.

அவர் பார்த்தார். எட்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடை வாடகை கூடியதையும் பிரேம்களின் விலை ஏறியதையும் அரை மணி நேரம் விளக்கிச் சொல்லி, கடைசியில் ஐநூறு ரூபாய் கூட்டியிருப்பதாகத் தெரிவிப்பார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிலோ பிளம் கேக். நான் அந்தக் கேக் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். அவர் எவ்வளவு நல்லவர் என்று வீட்டில் சொல்வேன். அந்த முதலாளியை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தக் கேக் பெட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடையில் நான் செய்தது கண்ணாடி விற்பது மட்டுமல்ல. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தேன். பில் போட்டேன். அரசு ஊழியர்கள் பணம் திரும்பப் பெறுவதற்கான பாரங்களை நிரப்பினேன். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் இன்ஷூரன்ஸ் காகிதங்களை வாசித்துச் சொன்னேன். எங்கள் பகுதியில் இரண்டு மொழியும் பேசத் தெரியாத ஆள் கிடையாது. தமிழில் தொடங்கிய வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பவர்கள்தான் எல்லோரும். ஆனால் இரண்டையும் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் ஒன்றில் சேர்ந்துவிட்டால் மற்றது கையைவிட்டுப் போய்விடும். நான் தமிழ்வழியில் படித்தேன். மலையாளத்தை அடம்பிடித்து எழுதிப் பழகினேன். அதற்கு ஒரு விலை உண்டு என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இன்ஷூரன்ஸ் மேசையில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டார். எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகள் அங்கே பாதிக்குப் பாதி. அவர்களுடைய காகிதம் முழுவதும் தமிழில் இருக்கும். தவறாக நிரப்பிய பாரங்கள் திரும்பித் திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்கே பணம் முடங்கிக் கிடந்தது. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இந்தச் செய்தியைக் கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அப்பாவின் சித்தி மகன். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைக் கமிட்டியில் செயலாளர். ஆஸ்பத்திரி நிர்வாகியோடு அவருக்கு ஏதோ பழக்கம்.

"மக்கா, உனக்கு ஒரு நல்ல வேலை ஒத்து வந்திருக்கு," என்றார். "நான் எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். போய் இரு. சம்பளம் கிம்பளம்னு வாயத் திறக்கப்பிடாது. நம்ம குடும்பத்துக்கு ஒரு மரியாதை உண்டாக்கும்."

"சம்பளம் எவ்வளவு சித்தப்பா?"

"இப்பம்தானே சொன்னேன்!"

சித்தப்பா தன் வாழ்நாளில் யாரிடமும் சம்பளம் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அவருக்காகச் சங்கம் கேட்டது. சங்கத்துக்காக வெயிலில் நின்று கோஷம் போட்டவர்கள் வேறு ஆட்கள். வேலைநிறுத்த நாட்களில் எல்லாம் இவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்து மருத்துவ விடுப்பில் இருப்பார். மற்றவர்கள் வாங்கித் தந்த உயர்வை முதல் தேதியில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். இப்போது அதன் மேல் ஓய்வூதியமும் வருகிறது. போதுமென்ற மனத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவரைப்போல் உருக்கமாகப் பேச எங்கள் சபையில் ஆள் இல்லை.

அந்த மேசையில் முன்பு இருந்தவரைத் தேடிப் போவதென்று நான் அன்றே தீர்மானித்தேன். அவர் பாறசாலைக்காரர். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலை ரயிலில் போவார் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நான் யாரென்றும் எதற்கு வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். வேலையைப் பற்றி நன்றாகவே சொன்னார். எந்தக் கம்பெனி எப்படி இழுத்தடிக்கும், எந்த டாக்டர் கையெழுத்துப் போட மறப்பார் என்பதெல்லாம் சொன்னார். பிறகு நான் கேட்டேன்.

"உங்களுக்கு அங்க எவ்வளவு தந்தாவ?"

அவர் முகம் மாறிவிட்டது. நான் அவருடைய மூல வியாதியைப் பற்றிக் கேட்டதுபோல இடதும் வலதும் பார்த்தார். "அதெல்லாம் என்னத்துக்குக் கேக்குதிய?"

"அந்த மேசையில என்னெ இருக்கச் சொல்லுதாவ. அதுக்குத்தான்."

"சம்பளம் கேட்டா நல்லா இருக்குமா? ஆளுவ என்ன நினைப்பாவ?"

பிளாட்பாரத்தில் எங்களைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை. ரயில் வருகிற அறிவிப்பு வந்தது. அவர் சட்டென்று தன் கைபேசியை எடுத்து, கால்குலேட்டரைத் திறந்து, எண்ணைத் தட்டி என் முகத்துக்கு நேரே ஒரு விநாடி காட்டினார். 19000. உடனே அழித்துவிட்டார். ஏதோ கள்ளக்கடத்தல் செய்தவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தமிழ் பேப்பர் வந்தா நீங்க என்ன செய்விய?" என்று கேட்டேன்.

"செக்யூரிட்டிய கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எனக்குப் பேச மட்டும்தானே வரும்."

ரயில் ஏறிப் போய்விட்டார். பத்தொன்பதாயிரம் ரூபாய் வாங்கியவர் செக்யூரிட்டியை வைத்து வேலை பார்த்திருக்கிறார். அந்தச் செக்யூரிட்டிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாரோ என்னவோ. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கே இவ்வளவு கொடுத்தார்கள் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நெய்யாற்றின்கரைக்குப் போனேன். நிர்வாகிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மலையாளத்தில்தான் பேசினார். எனக்கு என்னவோ பாதி தமிழாகவே நினைவிருக்கிறது.

முதலில் என் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டார்.

"அது கண்ணாடிக் கடை வேலைக்கு உள்ளது சாறே. இந்த வேலைக்கு அது எதுக்கு?"

"ஒரு அடிப்படை வேணும் அல்லே?"

"இந்த வேலைதானே அடிப்படை?"

அவர் சிரித்தார். பொறுமையாகச் சிரிக்கப் பழகியவர். இங்கே முதலாளி, தொழிலாளி என்று யாரும் கிடையாது, நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்றார். ஓணத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரிச் சேலை உடுத்து எடுத்த போட்டோவைச் சுவரில் காட்டினார். பிறகு ஒரு சிறு தாளைக் கிழித்து எதையோ எழுதி, இரண்டாக மடித்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். வாயால் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம்.

நான் பேசத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கையில் ஒரு கற்றைக் காகிதத்தோடு உள்ளே வந்தாள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வயதான புருஷனும் பெஞ்சாதியும் வந்திருக்கிறார்கள்; நாளை காலை அவருக்குக் கண் ஆப்பரேஷன்; இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுமதியை நிறுத்திவைத்துவிட்டது; கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை என்றாள். நிர்வாகி காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சேச்சி, ஒரு நிமிஷம் இதொன்று நோக்காமோ?"

நான் வாங்கிப் பார்த்தேன். சின்ன விஷயம். அந்தப்புறத்துக்காரர்கள் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார்கள். இந்தப்புறத்தில் பாரம் நிரப்பியவர் இங்குள்ள வழக்கப்படி அந்த எழுத்தை வீட்டுப்பெயர் என்று நினைத்து, வீட்டுப்பெயர் என்ன என்று கேட்டு அதை விரித்து எழுதிவிட்டார். பாலிசியில் ஒரு ஆள், ஆஸ்பத்திரியில் வேறொரு ஆள். கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெளியே போய் அந்தப் பெரியவரிடம் பேசினேன். ஆப்பரேஷனே நடக்காது என்று யாரோ சொல்லிவிட்டதாக அவர் மனைவி நடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உள்ளதுதான் என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அதையே ஆங்கிலத்தில் ஆஸ்பத்திரிக் கடிதத்தாளில் எழுதி அனுப்பவைத்தேன். கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினேன். நாற்பது நிமிடம் ஆனது. அனுமதி வந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இஞ்சதான் இருப்பியளா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன்.

திரும்பி அறைக்குள் வந்தபோது நிர்வாகியின் முகம் மலர்ந்திருந்தது.

"கண்டோ? இதுதான் நமக்கு வேண்டியது. சேவை மனம். இதெல்லாம் பைசாவுக்காகச் செய்யக்கூடிய காரியமா?"

என் வாழ்க்கையில் எவ்வளவோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். என் வேலையை என் கண்முன்னாலேயே திருடி, அதற்கு ஒரு மாலையும் போட்டு என்னிடமே திருப்பிக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

"சாறே," என்றேன், "இப்பம் நான் செய்தது சேவையில்ல, வேலையாக்கும். இந்த வேலைக்குத்தான் நீங்க ஆளு தேடுதிய. முன்ன இருந்தவருக்கு எவ்வளவு குடுத்திய?"

"அது ரகசியம் அல்லே?"

"பத்தொன்பதாயிரம்."

அவருடைய சிரிப்பு நின்றது. அது நிற்கக்கூடிய சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

"அவருக்குக் குடும்பம் உண்டு," என்றார். "குடும்பத்தெ நடத்துற ஆள்."

"எனக்கும் உண்டு."

"பர்த்தாவு எந்து செய்யுன்னு?"

"சொந்தமா ஒரு சரக்கு ஆட்டோ ஓட்டுதாவ."

"அப்போ வீட்டுக் காரியம் நடக்கும். சேச்சிக்க சம்பளம் ஒரு கூடுதல் மட்டும்தானே."

"அப்பம் எனக்க வேலையும் கூடுதல் மட்டும்தானா? காலைல ஒரு மணிக்கூர் வந்துட்டுப் போனா போதுமா?"

நான் இருபத்திரண்டாயிரம் கேட்டேன். முன்னவருக்கு ஒரு மொழிதான் எழுதத் தெரியும், எனக்கு இரண்டு தெரியும் என்று காரணம் சொன்னேன். அவர் என்னை ஏதோ ஒரு அசிங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நானும் யோசிப்பதாகச் சொல்லி எழுந்தேன்.

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். மேசைக்குக் கீழே கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி விரல் சிவந்துவிட்டது. அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அந்த மனிதரிடம் மூன்று தடவை நன்றி சொன்னேன். எதற்கு நன்றி என்று இன்றும் தெரியவில்லை. எட்டு வருடப் பழக்கம் ஒரு நாளில் போகாது.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நிர்வாகி போன் செய்திருக்கிறார். என் புருஷன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, குற்றம் செய்தவர் அவரே என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க முகத்தெ நான் எங்க கொண்டு வைப்பேன்?" என்று சித்தப்பா தொடங்கினார். "ஒரு ஆளு உனக்கு வழி காட்டித் தந்தா, அந்த ஆளெ நாறடிக்கவா செய்யது? சந்தையில மீன் பேசுவது போல பேசிட்டு வந்திருக்கே!"

"மீனுக்கு விலை பேசலாம், எனக்குப் பேசப்பிடாதா சித்தப்பா?"

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பைசா ஆசை ஆகாது மக்கா. கர்த்தர் தருவாரு."

"கர்த்தர் தருவாரு. அந்த மானேஜர் தடுக்காம இருக்கணும்லா?"

"எனக்க மரியாதை போச்சு!"

"உங்க மரியாதைக்க வாடகையெ எனக்க சம்பளத்திலயா பிடிக்கணும்?"

அவர் எழுந்துவிட்டார். சித்தப்பா கோபத்தில் எழுந்தால் வேட்டியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டுவார். கட்டிக்கொண்டு, என் புருஷனைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு ஆம்பளயாலே?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் கேட்ட சம்பளத்துக்கும் என் புருஷனுடைய ஆண்மைக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பன்னிரண்டு மோசமில்லையே பிள்ளே," என்றார். "கண்ணாடிக் கடையவிடக் கூடுதல்தானே?"

"ஆரியங்கோட்டுலேந்து ரப்பர் ஷீட்டு ஏத்துதியளே, வியாபாரி வழக்கமான கூலியில நூறு ரூவா குறைச்சுச் சொன்னா நீங்க வண்டிய எடுப்பியளா?"

"எப்படி எடுக்க முடியும்? அது தொழில்லா?"

"அப்பம் இது என்ன? ஊழியமா?"

என் புருஷன் கெட்டவர் இல்லை. ஐம்பது ரூபாய்க்காக வியாபாரியோடு நடுரோட்டில் நின்று அரை மணி நேரம் கத்தக்கூடியவர். அவர் செய்தால் சாமர்த்தியம். நான் செய்தால் பேராசை. இதை அவர் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன்.

பதினொரு நாள் ஒரு தகவலும் இல்லை. இடையில் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி, நாலு பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "கேட்டது கிட்டிச்சா மக்கா?" என்று கேட்டாள். மற்ற நாலு பேரும் உதட்டை மடித்துக்கொண்டார்கள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு பெண்ணைப் பன்னிரண்டாயிரத்துக்கே வைத்துவிட்டார்களாம் என்று அவளே செய்தியும் சொன்னாள். அந்த வாயில் அவ்வளவு இனிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று மத்தியானம் எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போய் நிற்பதை நினைத்தேன். ஆள் வைத்துவிட்டார்கள் என்றாலும் நிர்வாகிக்குப் போன் செய்து, பன்னிரண்டே போதும் சாறே, நாளைக்கே வாறேன் என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டேன். அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைபேசியைத் தேடினேன். காணவில்லை. புருஷன் தன்னுடையது என்று நினைத்து என்னுடையதை எடுத்துக்கொண்டு வண்டியில் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு அந்தப் பயம் தணிந்து, அப்படி நினைத்ததற்காக என்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. நான் உறுதியாக நின்ற கதையில் இந்தப் பகுதியை யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை நிர்வாகியே அழைத்தார். வேலைக்கு அல்ல.

"சேச்சி, ஒரு சின்ன டவுட். ஒரு தமிழ் பாரம் வந்திருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பட்டே? ஒன்று வாசிச்சுச் சொன்னா மதி, அது போதும்."

"புதுசா ஒரு பிள்ளைய வச்சிருக்கிறதா கேட்டேனே?"

"அது மூணு நாள் வந்துச்சு. தமிழ் எழுத்து தெரியாது."

அவர் குரலில் வெட்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. பன்னிரண்டுக்கு மேல் எனக்குத் தகுதியில்லை என்று பதினொரு நாள் கிடப்பில் போட்டவர், இப்போது அதே வேலையை ஒரு பைசாகூட இல்லாமல் செய்து தரச் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "இப்போ அயக்காம்" என்று அனுப்பப் போனார்.

"அனுப்பாண்டாம் சாறே," என்றேன். "வேலையில சேர்ந்த பிறகு பாக்கலாம்."

மறுநாள் காலையில் பதினைந்து என்றார். நான் இல்லை என்றேன். மத்தியானம் பதினாறு. சாயங்காலம், முதலாளியிடம் மன்றாடி வாங்கியதாகச் சொல்லி பதினேழு. ஒரே நாளில் அந்த மேசையின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய் ஏறியிருந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. போனை எடுத்து வேண்டாம் என்று சொன்னேன், அவ்வளவுதான். கடைசியில் பதினெட்டில் நின்றார். நான் யோசித்தேன். என் கையிலும் அதற்குமேல் இழுக்கப் பலம் இல்லை. ஆறு மாதத்தில் பத்தொன்பதரை ஆக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் பதிலுக்கு ஒரு நாள் விடுப்பு, இரண்டும் நியமனக் கடிதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும் என்றேன். எழுத்தில் எதற்கு, நம்பிக்கைதானே முக்கியம் என்றார். நம்பிக்கை உண்டு, எழுத்தும் வேண்டும் என்றேன். முன்னவரைவிட ஆயிரம் குறைவுக்குத்தான் சேர்ந்தேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

கண்ணாடிக் கடை முதலாளியிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். புது இடத்தில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கண்கள் கலங்கின. உண்மையாகவே கலங்கின.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் தந்திருப்பேனே," என்றார்.

எட்டு வருடமாக அந்தப் பணம் அவர் மேசை டிராயரில் என்னுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாடகையும் பிரேம் விலையும் ஏறிய கதையை வருடா வருடம் கேட்டவளிடம் இதைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் அற்பம். உண்மையைச் சொல்லியிருந்தால் அதைவிட அற்பம். நான் "சரி சாறே" என்று சொல்லிவிட்டு என் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நிர்வாகி கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். மற்றவர்களுக்கு மனவருத்தம் வருமாம்.

"நானா போய்ச் சொல்லமாட்டேன் சாறே. கேட்டா சொல்லுவேன்."

இரண்டாவது மாதம் ரிசப்ஷன் பெண் கேட்டாள். அன்று காகிதக் கற்றையோடு அறைக்குள் வந்தாளே, அவள்தான். அவளுக்கு அங்கே ஐந்து வருடம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று நாலு தடவை சொல்லிவிட்டுக் கேட்டாள். சொன்னேன். அவள் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது. அவளுக்கு ஒன்பதாயிரம். போய்க் கேள் என்றேன். எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

போனாள்தான். மறுநாளே நிர்வாகியின் அறைக்குப் போனாள். தன் சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நேற்று வந்தவளுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். சம்பளத்தை எல்லோரிடமும் பெருமையடித்துத் திரிகிறாள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார்.

"இப்போ கண்டோ? ஞான் பறஞ்ஞது இதுக்குத்தான். அந்தப் பிள்ளைக்கு எத்ர மனவருத்தம்!"

"அந்த வருத்தம் தீர ஒரு வழி உண்டு சாறே. அவளுக்கும் கூட்டிக் குடுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் தமாஷ் பண்ணியதாக நினைத்துவிட்டார்.

அந்தப் பெண் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. என் மேசைக்கு வரும் காகிதங்களை ஒரு முழம் தள்ளி நின்று போட்டுவிட்டுப் போனாள். ஐந்து வருடமாகத் தன்னை ஒன்பதாயிரத்தில் வைத்திருந்தவர்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைத் தெரியவைத்த என்மேல்தான். எனக்கு அவளை நினைத்துச் சிரிப்பு வந்தது. சில நாட்களில் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு லட்டுப் பெட்டியோடு மேசை மேசையாக வந்தாள். அவளுக்கு எழுநூற்றைம்பது ரூபாய் கூட்டியிருந்தார்கள்.

"மானேஜர் சாறு நல்ல மனுஷராக்கும் அக்கா," என்றாள். முகமெல்லாம் மலர்ச்சி. "நான் கேக்காமலே செய்தாவ."

எனக்கு முன்னால் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று காட்ட, பெரியதாகப் பார்த்து ஒன்றை அவளே எடுத்து என் கையில் வைத்தாள். கம்பெனிக்காரன் போனில் காத்திருந்தான். நான் தின்றேன். முந்திரிப்பருப்பு நிறையப் போட்டிருந்தார்கள். நல்ல லட்டு.